கோத்தகிரி மலையில் தேநீரும் விருந்தோம்பலும்

நீலகிரி மாவட்டத்தின் கோத்தகிரி, கீழ் கோத்தகிரி, சோலூர்மட்டம் பகுதிகளில் ஒரு வீட்டுக்குப் போனவர் தேநீர் குடிக்காமல் திரும்புவது அரிது. வந்தவர் உட்காரும் முன்பே அடுப்பில் பாத்திரம் ஏறிவிடும். "இப்போதுதான் குடித்தேன்" என்று சொன்னாலும் அரைக் குவளையாவது வரும். சுற்றிலும் சரிவெல்லாம் தேயிலைச் செடிகள் நிற்பதால், இந்த உபசாரம் மலை தோன்றிய காலம்தொட்டு இருந்துவரும் மரபு என்று வெளியூர்க்காரர் நினைப்பது இயல்பு.

ஆனால் தேயிலைச் செடி இந்த மலைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆகவில்லை. செடி வேரூன்றிய பிறகும் அதன் சாறு மலைமக்களின் வீட்டு அடுப்பை அடைய மேலும் பல பத்தாண்டுகள் பிடித்தன. இங்கு தேயிலை விளைந்தது முதலில் பிறர் குடிப்பதற்காகத்தான். அது விருந்தினருக்குரிய பானமாக எப்படி மாறியது, யாருக்கு எந்தக் குவளையில் கிடைத்தது என்பது நீலகிரியின் சமூக வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி.

தேயிலைக்கு முந்தைய விருந்து

கோத்தகிரி என்னும் பெயர் 'கோத்தர் கேரி', அதாவது கோத்தர்கள் வாழும் தெரு என்பதிலிருந்து வந்தது என்பர். கோத்தர்களின் ஏழு ஊர்களில் ஒன்று கோத்தகிரியிலும் மற்றொன்று கீழ் கோத்தகிரியிலும் உள்ளன. இரும்பு வேலை, மரவேலை, மண்பாண்டம், இசை ஆகியவை அவர்களுடைய தொழில்கள். தோடர்கள் எருமை வளர்த்தனர். படுகர்கள் ராகி, சாமை, கோதுமை, பார்லி போன்றவற்றைப் பயிரிட்டனர். குறும்பரும் இருளரும் தேனும் காட்டுப் பொருள்களும் கொண்டுவந்தனர். தோடரிடமிருந்து நெய், படுகரிடமிருந்து தானியம், கோத்தரிடமிருந்து அரிவாளும் பானையும், குறும்பரிடமிருந்து தேன் எனக் காசு புழங்காமலேயே கொடுக்கல் வாங்கல் நடந்தது.

விருந்தினருக்குக் கிடைத்ததும் இந்தப் பொருள்கள்தாம். தோடர் வீட்டில் பாலும் மோரும். படுகர் வீட்டில் ராகிக் களியும் அவரைக் குழம்பும் பாலும். பண்டிகை நாளென்றால் துப்பதிட்டு போன்ற பலகாரம். படுகர் வீட்டுக்கு வந்த இளையவர் தலை குனிய, மூத்தவர் அவர் தலைமீது கை வைத்து வாழ்த்துவது வழக்கம். இவ்வழக்கம் இன்றும் உள்ளது. வரவேற்பின் மையம் இந்த வாழ்த்தே. உணவு அதற்குப் பிறகுதான்.

இந்தப் பழைய ஏற்பாட்டை வெறும் இன்பக் கதையாகச் சொல்லிவிட முடியாது. பொருள்கள் எல்லா வீடுகளுக்கும் சென்றன. ஆனால் எல்லோரும் எல்லோர் வீட்டிலும் உண்ணவில்லை. கோத்தர் செய்த பானையில் சமைத்த படுகர், கோத்தர் சமைத்த உணவை ஏற்பதில்லை. யார் திண்ணைவரை வரலாம், யார் உள்ளே வரலாம் என்பதற்கு வரையறைகள் இருந்தன. 1930களில் கோத்தரிடையே ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் இங்கு வந்தபோது இந்தப் பழைய உறவுமுறை தளர்ந்துகொண்டிருந்தது. தேநீர் மலைமக்களிடையே பரவத் தொடங்கிய காலமும் ஏறக்குறைய அதுவே.

செடி வந்த வழி

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டு கோத்தகிரிப் பக்கமாக மலையேறி, அருகிலுள்ள திம்பட்டியில் தங்குமிடம் அமைத்தார். ஐரோப்பியக் குடியேற்றம் அங்கிருந்து தொடங்கியது. 1830களில் சீன விதையிலிருந்து வளர்த்த தேயிலைக் கன்றுகள் குன்னூருக்கு அருகிலுள்ள கேத்தியின் அரசுப் பண்ணைக்கு அனுப்பப்பட்டன. கவனிப்பாரின்றிக் கிடந்த அவற்றைப் பெரொத்தே என்னும் பிரெஞ்சுத் தாவரவியலாளர் மீட்டெடுத்தார். 1850களில் குன்னூரில் ஹென்றி மான் சீன விதைகளைத் தருவித்துப் பயிரிட்டார். அடுத்த பத்தாண்டில் வணிகத் தோட்டங்கள் உருவாயின.

கோத்தகிரியின் முதல் தேயிலை 1863இல் ஒரு பெண்ணால் பயிரிடப்பட்டது. அவர் மார்கரெட் காக்பர்ன் (1829–1928). சேலம் ஆட்சியராக இருந்து பின் கோத்தகிரியில் காப்பித் தோட்டம் போட்ட எம். டி. காக்பர்னின் மகள். இம்மலையின் பறவைகளையும் பூக்களையும் நுணுக்கமாக வரைந்த ஓவியர், பறவையியலாளர் ஏ. ஓ. ஹியூம் இவருடைய குறிப்புகளைப் பயன்படுத்தியுள்ளார். நீலகிரித் தேயிலையின் வரலாற்றைச் சொல்லும்போது ஆண் துரைமார்களின் பெயர்களே வரிசையாக வருகின்றன. இப்பெயரும் அவற்றோடு நினைக்கப்பட வேண்டும்.

1869இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் தோன்றிய இலைத்துரு நோய் தென்னிந்தியாவிலும் பரவியதால் தோட்டக்காரர்கள் பலர் காப்பியை விட்டுத் தேயிலைக்கு மாறினர். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை மலை ரயில் வந்தது. பெட்டிகளில் அடைத்த தேயிலை கீழே இறங்கித் துறைமுகம் போய் லண்டன் ஏலத்துக்குச் சென்றது. செடிக்குக் குழி வெட்டியவரும் கொழுந்து கிள்ளியவரும் அதைக் குடிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் குடிக்கவும் இல்லை.

காப்பிக்கு முதல் மரியாதை

மலைவீடுகளில் நுழைந்த முதல் புதிய சூடான பானம் காப்பி. தோட்டங்களைப் பார்த்தும் வேலை செய்தும் பழகிய படுகர்கள் தம் நிலத்திலும் காப்பிச் செடி வைத்தனர். வறுத்து இடித்த பொடியில் வெல்லம் சேர்த்த கடுங்காப்பி விருந்தினருக்குரியதாயிற்று. இன்றும் இப்பகுதியின் பல வீடுகளில் முதியவர்கள் "காப்பி குடிங்கோ" என்றுதான் அழைப்பார்கள்; கையில் வருவது தேநீராக இருக்கும். பழைய சொல் புதிய பானத்துக்கு ஒட்டிக்கொண்டது.

சமவெளியிலும் நிலைமை இதுவே. தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகக் காப்பி உருவானதையும், தேநீர் உழைப்பாளிகளின் பானமாகக் கீழே நிறுத்தப்பட்டதையும் ஆ. இரா. வேங்கடாசலபதி தம் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். விருந்தினருக்குக் காப்பி, வேலையாளுக்கு டீ என்ற பிரிவினை பல வீடுகளில் நெடுநாள் இருந்தது. ஒரே சமையலறையில் இரண்டு பானங்கள், இரண்டு மதிப்புகள்.

குடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள்

தேநீர் தானாகப் பரவவில்லை. அதைப் பரப்பினார்கள். 1903இல் தேயிலை ஏற்றுமதிமீது ஒரு சிறு வரி விதிக்கச் சட்டம் வந்தது. அந்தப் பணம் தேயிலையை விளம்பரப்படுத்தச் செலவிடப்பட்டது. முதலில் வெளிநாடுகளைக் குறிவைத்த விளம்பரம், 1930களில் உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை தேங்கியபோது முழு வேகத்தில் உள்நாட்டின் பக்கம் திரும்பியது. சந்தைகளிலும் திருவிழாக்களிலும் இலவசமாகத் தேநீர் போட்டுக் கொடுத்தனர். சிறு பொட்டலங்களாக மலிவு விலையில் தூளை விற்றனர். ரயில் நிலையங்களில் பீங்கான் பூச்சுப் பலகைகளை மாட்டினர். தண்ணீர் எப்படிக் கொதிக்க வேண்டும், இலை எவ்வளவு போட வேண்டும், எத்தனை நிமிடம் மூடி வைக்க வேண்டும் என்று அவற்றில் பல இந்திய மொழிகளில் படம் போட்டு விளக்கியிருந்தது.

மக்கள் தேநீரை ஏற்றார்கள்; அந்தப் பாடத்தை ஏற்கவில்லை. தூளையும் பாலையும் சர்க்கரையையும் ஒன்றாகக் கொதிக்க விட்டார்கள், இஞ்சி தட்டிப் போட்டார்கள். தேயிலைத் தரங்களில் கடைசியான தூள் ரகத்தை விரும்பி வாங்கினார்கள், ஏனெனில் குறைந்த தூளில் அதிகக் குவளை, அடர்ந்த நிறம். விளம்பரக்காரர்கள் எதிர்பார்த்த மென்மையான பானம் இந்தியாவில் பொதுவழக்கமாகவில்லை.

எதிர்ப்பும் இருந்தது. காந்தி தேநீரையும் காப்பியையும் உடலுக்குத் தேவையற்றவை என்று கருதினார். பிற்காலத்தில் எழுதிய உடல்நல நூலிலும் அதைச் சொன்னார். அவரே 1934இல் தீண்டாமை ஒழிப்புப் பயணத்தின்போது, தேயிலையால் வாழ்ந்த நீலகிரிக்கு வந்தார். தேநீரை விலக்கச் சொன்னவர் அந்தப் பயணத்தில் பேசிய செய்தி, யார் கையால் யார் குடிக்கலாம் என்ற கேள்வியைத் தொட்டது என்பது கவனிக்கத்தக்கது.

மொராக்கோ: இதே வயதுள்ள ஒரு மரபு

தேநீர் உபசாரத்துக்கு உலகில் பெயர்பெற்ற நாடுகளுள் வட ஆப்பிரிக்காவின் மொராக்கோ ஒன்று. அங்கும் அது தொன்மையான வழக்கம் என்றே பலர் எண்ணுகின்றனர். அங்கும் அது புதிதுதான். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கொடுத்த அன்பளிப்பாக அரண்மனைக்குள் நுழைந்த சீனப் பச்சைத் தேயிலை, நெடுங்காலம் செல்வர்களின் பானமாகவே இருந்தது. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரால் ஆங்கில வணிகர்களின் வழக்கமான சந்தைகள் அடைபட்டன. தேங்கிய சரக்கை அவர்கள் தாஞ்சியர், மொகதோர் துறைமுகங்களில் இறக்கினர். விலை குறைந்தது, தேநீர் நகரம் கடந்து பாலைவனக் கூடாரங்கள்வரை சென்றது. மார்கரெட் காக்பர்ன் கோத்தகிரியில் தேயிலை நட்டதும் ஏறக்குறைய அதே காலத்தில்.

மொராக்கோவினர் சிறு உருண்டைகளாகச் சுருண்ட பச்சைத் தேயிலையோடு புதினாவும் மிகுந்த சர்க்கரையும் சேர்க்கின்றனர். உலோகக் கெண்டியை உயரே தூக்கிச் சிறு கண்ணாடிக் குவளைகளில் நுரை வர ஊற்றுகின்றனர். வந்தவருக்கு மூன்று குவளை கொடுப்பது முறை. மறுப்பது மரியாதைக் குறைவு. தேநீர் தயாரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டின் ஆண் தலைவருக்கு அல்லது அவர் மதித்து அழைக்கும் ஒருவருக்கு உரியது. நம்மூரில் உயரத்திலிருந்து ஊற்றுவது டீ மாஸ்டரின் கைவேலை. அங்கு நுரைக்காக ஊற்றுகிறார்கள். இங்கு அதற்கு 'ஆற்றுதல்' என்று பெயர். சூட்டைத் தணிப்பதும் நுரை எழுப்புவதும் ஒருசேர நடக்கின்றன.

பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. மொராக்கோவில் தேயிலை வணிகப் பயிராக விளைவதில்லை. விளையாத நாடு அதைத் தன் விருந்தின் அடையாளமாக்கிக்கொண்டது. விளைந்த நீலகிரியோ அதைத் தன் வீட்டுக்குள் விடத் தயங்கியது. மண்ணில் விளைவது தானாக மரபாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

டீக்கடையும் குவளையும்

கோத்தகிரி மலையில் தேநீர் வீட்டுக்குள் போவதற்கு முன் கடைத்தெருவுக்கு வந்தது. தோட்டங்களை ஒட்டிய சாலைச் சந்திப்புகளில் டீக்கடைகள் தோன்றின. அவற்றில் பலவற்றை மலையாளிகள் நடத்தினர். 'சாயா' என்ற சொல் இங்கு புழங்குவது அதனால்தான். செம்பு அல்லது பித்தளைப் பாய்லர், துணி வடிகட்டி, பால் பாத்திரம், கண்ணாடிக் குவளைகள், ஒரு பெஞ்சு, இவ்வளவே முதலீடு. 1942இல் தொடங்கிய தினத்தந்தி போன்ற நாளிதழ்களை எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டனர். "இங்கு அரசியல் பேசாதீர்கள்" என்று கடைக்காரர் எழுதி மாட்டிய பலகையின் அடியில் அமர்ந்துதான் அரசியல் பேசினர்.

ஒருவர் வீட்டில் ஒருவர் உண்ணாத மலையில் இக்கடைகள் செய்தது சிறிய காரியமல்ல. படுகர், கோத்தர், இருளர், சமவெளியிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளி, லாரி ஓட்டுநர் எல்லோரும் ஒரே பாய்லரின் வெந்நீரைக் குடித்தனர். நண்பருக்கு டீ வாங்கிக் கொடுப்பது புதிய வகை விருந்தோம்பல். அதற்கு வீடு தேவையில்லை, வீட்டின் விதிகளும் கிடையாது. காசு கொடுத்தவரே விருந்து கொடுப்பவர்.

ஆனால் அதே டீக்கடைதான் தமிழ்நாட்டின் பல ஊர்களில் தீண்டாமையின் வெளிப்படையான இடமாகவும் இருந்தது. ஆதிக்க சாதியினருக்குக் கண்ணாடிக் குவளை. தலித் மக்களுக்குத் தனியாக ஒதுக்கிய அலுமினியக் குவளை அல்லது கொட்டாங்குச்சி. குடித்தபின் தாமே கழுவி வைக்க வேண்டும். இதை இரட்டைக் குவளை முறை என்பர். அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கடைகளிலும் உணவகங்களிலும் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 1955, 1989 ஆண்டுச் சட்டங்கள் தண்டனை விதிக்கின்றன. இத்தனைக்குப் பிறகும் இரட்டைக் குவளை பற்றிய செய்திகள் இந்த நூற்றாண்டிலும் வந்தன. தோட்ட வேலைக்காக மலையேறிய குடும்பங்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவை. சொந்த ஊரில் கொட்டாங்குச்சியில் குடித்தவர்களுக்கு மலைக்கடையில் கிடைத்த கண்ணாடிக் குவளை வெறும் குவளையாக இருந்திருக்காது.

ஒரு சிறு செய்தியை இங்கே சேர்க்கலாம். காகிதக் குவளை பரவியபோது, எல்லோருக்கும் ஒரே குவளை என்பதால் இப்பாகுபாடு மறைந்துவிடும் என்று சிலர் கருதினர். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூச்சுள்ள குவளைகளுக்குத் தடை வந்தது. நீலகிரியில் நெகிழிக் கட்டுப்பாடு அதற்கு முன்பிருந்தே கடுமை. எனவே மலைக்கடைகளில் கண்ணாடிக் குவளையே நிற்கிறது: ஒருவர் வாய் வைத்ததைக் கழுவி அடுத்தவருக்குக் கொடுக்கும் பழைய குவளை. பக்கத்தில் ஊட்டி வர்க்கி. விறகு அடுப்பில் சுட்ட, புவிசார் குறியீடு பெற்ற அந்த அடுக்கு ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்பது இம்மலையின் மாலை வழக்கம்.

தேத்தண்ணி கொண்டுவந்தவர்கள்

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கையின் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என முடிவானது. அவர்களுடைய முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கண்டித் தோட்டங்களுக்குப் போனவர்கள். திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தமிழக அரசு தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதுவே 1976இல் டான்டீ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கோத்தகிரி உட்பட நீலகிரியின் பல பகுதிகளில் தாயகம் திரும்பியோர் குடியமர்ந்தனர்.

அவர்கள் தேநீரைத் 'தேத்தண்ணி' என்றனர். பாலில்லாத சாயத்தை 'பிளேன்டீ' என்றனர். உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லமோ சிறிது சீனியோ வைத்துக்கொண்டு, ஒரு கடி கடித்து ஒரு மிடறு குடிப்பது அவர்களுடைய வழக்கம். வறுமையில் பிறந்த சிக்கனம் இது. பால் வாங்க வழியில்லாத லயத்து வீட்டில் சீனியும் கரைந்து வீணாகக் கூடாது. நீலகிரிக் கடையின் பால் டீக்குப் பழகியவர்களுக்கு இது ஏழ்மையாகத் தெரிந்தது. ஆனால் தூளின் தரத்தைச் சொல்ல வெறும் தேநீரே சரியான சோதனை என்பது தொழிற்சாலைகளில் தேயிலையைச் சுவைத்துப் பார்ப்போர் அறிந்தது. தலைமுறைகளாகத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தேநீர் தாய்வீட்டுப் பானம். ஊர் பெயரும் உறவும் அறுந்து, பயணப் பெட்டியோடு வந்திறங்கியவர்கள் தம் புதிய வீட்டில் அண்டை அயலாருக்கு முதலில் கொடுக்க முடிந்ததும் அதுவே. இம்மலையில் தேநீரை ஓர் இரவல் வழக்கமாக அல்லாமல் தம் சொந்த மரபாக முதலில் கொண்டிருந்தவர்கள் இவர்கள்தாம் என்று கூறுவது பொருந்தும்.

விளைவித்தவர் வீட்டுத் தேநீர்

படுகர்கள் பெருமளவில் தேயிலைக்கு மாறியது 20ஆம் நூற்றாண்டில். ராகியும் உருளைக்கிழங்கும் விளைந்த நிலங்கள் தேயிலையாயின. ராகி வயல் தேயிலையாகும் மாற்றம் ஒரு சமூகத்தை என்ன செய்தது என்பதை ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' புதினம் சொல்கிறது. 1960களில் சிறு விவசாயிகளுக்கான கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் தொடங்கின. 1965இல் அவற்றின் இணையமாக இன்ட்கோசர்வ் அமைந்தது. இத்தொழிற்சாலைகள் பெரும்பாலும் செய்வது நசுக்கிச் சுருட்டும் சிடிசி வகைத் தூள். கட்டபெட்டு முதலிய ஊர்களின் தொழிற்சாலைகளில் உருவாகும் தூள் 'ஊட்டி டீ' என்ற பெயரில் நியாயவிலைக் கடைகளுக்கும் செல்கிறது.

அந்தக் காலகட்டத்தில்தான் தேநீர் மலைவீட்டின் விருந்துப் பானமாக உறுதியானது. கையில் காசும் வீட்டில் பாலும் இருந்தன. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது நீலகிரித் தேயிலையின் பெரிய சந்தை ஆட்டம் கண்டது. 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. அன்றிலிருந்து கட்டுப்படியாகும் விலை கேட்டுப் போராட்டங்கள் நடந்துவருகின்றன. 2023இல் கோத்தகிரியில் நடந்த தொடர் உண்ணாவிரதத்தில் கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டனர்.

இந்தக் கணக்கை மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ தூள் தயாரிக்க நான்கு முதல் நாலரைக் கிலோ பச்சை இலை வேண்டும். அப்படியானால் ஒரு கிலோ பச்சை இலையிலிருந்து ஏறக்குறைய 220 கிராம் தூள் கிடைக்கும். குவளைக்கு இரண்டு கிராம் என்று கொண்டால் 110 குவளைத் தேநீர். பால், சர்க்கரை, எரிவாயு, கூலி, வாடகை எல்லாம் டீக்கடைக்காரரின் செலவு என்பது உண்மை. அப்படியிருந்தும் 110 குவளைக்கான இலைக்கு விவசாயி கேட்ட விலை, கடையில் மூன்று குவளை குடித்தால் தீர்ந்துவிடும்.

சிறு விவசாயியால் சிடிசி தூளை வீட்டில் செய்ய முடியாது. கிள்ளிய கொழுந்து அன்றைக்கே மூட்டையாகச் சாலையோரத்துக்கு வருகிறது. எடைபோட்டு லாரியில் ஏற்றித் தொழிற்சாலைக்குப் போகிறது. அங்கு பல தோட்டங்களின் இலையோடு கலக்கிறது. பெரும்பகுதி குன்னூரில் 1963 முதல் இயங்கும் ஏல மையத்தின் வழியாக விற்பனையாகிறது. விவசாயி தம் வீட்டுக்கு வேண்டிய தூளைக் கடையிலோ தொழிற்சாலையின் விற்பனை நிலையத்திலோ பொட்டலமாக வாங்கிவருகிறார். மாலையில் யாராவது வந்தால் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, பால் கொதிக்கும்போது இரண்டு கரண்டி போடுகிறார்கள். வர்க்கி இருந்தால் தட்டில் வைக்கிறார்கள். வந்தவர் குடித்து முடிக்கும்வரை விலை பற்றிய பேச்சைப் பெரும்பாலும் எடுப்பதில்லை.